அசலுக்கு முன் வந்த நகல்

கிழக்கிலங்கையின் அக்கரைப்பற்றில் ஈமெயில் எழுதிப் பழகிய முதல் தலைமுறையில் பெரும்பாலானவர்கள் அவுட்லுக் என்ற அஞ்சல் மென்பொருளைக் கண்டதில்லை. யூடோரா என்ற பெயரைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. அவர்களுக்கு ஈமெயில் என்றால் ஹொட்மெயில், இல்லாவிட்டால் யாகூ. அதுவும் வீட்டுக் கணினியில் அல்ல. கடைத்தெருவில், போட்டோ கொப்பி மெஷினுக்கும் வெளிநாட்டுக்குப் பேசும் ஐடிடி கூண்டுக்கும் நடுவே, பலகைத் தடுப்புக்குள் வைத்திருந்த கணினியில். கடையின் பெயர் எதுவானாலும் சனம் அதைக் கொமியுனிகேஷன் என்றுதான் சொல்லும்.

2000களின் நடுப்பகுதியில் உலகின் பெரிய மின்னஞ்சல் நிறுவனங்கள் எல்லாம் ஒரே வேலையில் மூழ்கியிருந்தன. இணையப் பக்கத்தில் திறக்கும் அஞ்சல்பெட்டியை, சொந்த மேசையிலிருக்கும் கணினியில் நிறுவிய மென்பொருளைப் போல நடந்துகொள்ளச் செய்ய வேண்டும். கடிதத்தை இழுத்துக் கோப்புறையில் போட வேண்டும், ரைட் கிளிக் செய்தால் பட்டியல் விரிய வேண்டும், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் திரை வெளுத்து மீண்டும் வரக்கூடாது. அந்த வேலைப்பாடு அக்கரைப்பற்று இருக்கும் அம்பாறைக் கரையோரத்துக்கு வந்தபோது நிலைமை தலைகீழாக இருந்தது. எதைப் போல இருக்க வேண்டும் என்று பாடுபட்டார்களோ, அதை இங்கே அநேகமாக யாரும் பார்த்திருக்கவில்லை. நகல் முதலில் வந்தது. அசல் பிறகுதான் வந்தது.

அதற்கு முந்திய கதை ஒலிநாடாவில் இருக்கிறது. சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் வேலைக்குப் போனவர்கள் கடிதம் எழுதினால் வந்துசேர வாரக்கணக்காகும். எழுதத் தெரியாதவருக்கும், எழுதினால் மனம் ஆறாதவருக்கும் கெஸட் இருந்தது. இரண்டு பக்கமும் பேசிப் பதிந்து, லீவில் ஊருக்கு வருபவரின் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றியிருந்து கேட்பார்கள். பதில் அதே நாடாவில், பழைய குரலின் மேல் பதிந்து போகும். வாப்பாவின் குரலை மகனின் குரல் அழித்துவிட்டுத்தான் கடல் கடக்கும். சேமித்து வைக்க இடமில்லாத அஞ்சல்பெட்டி ஹொட்மெயிலோடு தொடங்கிய சங்கதி அல்ல.

இலங்கைக்கு மின்னஞ்சல் வந்தது 1990இல், மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட லேர்ன் வலையமைப்பின் வழியாக. தொலைபேசி இணைப்பை எடுத்து, சேர்ந்திருக்கும் கடிதங்களை மொத்தமாக அனுப்பி, வந்திருப்பதை மொத்தமாக வாங்கிக்கொண்டு இணைப்பைத் துண்டிப்பார்கள். காசு கொடுத்து வாங்கும் இணையச் சேவை 1995இல் கொழும்பில் தொடங்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில்தான் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. 1996 மே மாதம் அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று. அக்கரைப்பற்றுக்கு வடக்கே ஒலுவிலில், வயலுக்கும் கடலுக்கும் இடையே அதன் வளாகம் எழுந்தது. அரசியல் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரபின் கனவு என்று ஊர் சொல்லும் அந்த வளாகம் இல்லாவிட்டால், இந்தக் கரையில் கணினியோடு பிழைக்கக் கற்ற பட்டதாரிகளின் தொகை எவ்வளவு சிறுத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மேசைக் கணினியின் அஞ்சல் மென்பொருள் எப்படி வேலை செய்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1988இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் எழுதிய யூடோராவும், 1997இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோடு சேர்ந்து வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸும் ஒரே வழியைப் பின்பற்றின. இணைப்பு கிடைத்ததும் கடிதங்களைக் கணினிக்குள் இறக்கிக்கொள்ளும். பிறகு இணைப்பு தேவையில்லை. ஆறுதலாக வாசிக்கலாம், பதில் எழுதி வைக்கலாம், அடுத்த இணைப்பில் எல்லாம் ஒன்றாகப் போகும். தபால்காரர் வந்து கட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது போல. தொலைபேசிக் கட்டணம் நிமிடக் கணக்கில் ஏறும் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

ஆனால் அதற்குச் சொந்தக் கணினி வேண்டும், சொந்த இணைய இணைப்பு வேண்டும், வீட்டில் தொலைபேசி வேண்டும். யுத்த காலத்துக் கிழக்கில் இந்த மூன்றும் ஒரே வீட்டில் இருப்பது அபூர்வம்.

அந்த இடைவெளியில்தான் ஹொட்மெயில் நுழைந்தது. சண்டிகரில் பிறந்து பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் அவருடைய நண்பர் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4ஆம் திகதி அதைத் திறந்தார்கள். அமெரிக்காவின் சுதந்திர நாளைப் பார்த்தே தேர்ந்தார்கள். இணையச் சேவை நிறுவனத்தின் பிடியிலிருந்து அஞ்சல்பெட்டிக்கு விடுதலை என்பது அதன் பொருள். எந்தக் கணினியிலும், எந்த ஊரிலும் திறக்கலாம். 1997 டிசம்பரில் மைக்ரோசொப்ட் அதைச் சுமார் 40 கோடி டொலருக்கு வாங்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் ரொக்கெட்மெயிலை வாங்கி அதன் மேல் யாகூ மெயில் கட்டப்பட்டது. அமெரிக்கனுக்கு அந்த விடுதலை வசதிக்காக. அக்கரைப்பற்று இளைஞனுக்கோ, மின்னஞ்சல் முகவரி ஒன்று கிடைப்பதற்கு வேறு வழியே இல்லை.

விலையும் இருந்தது. ஹொட்மெயிலின் பெட்டி 2 மெகாபைட். இன்று தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம் பெரும்பாலும் அதற்குள் அடங்காது. முப்பது நாள் எட்டிப் பார்க்காவிட்டால் கடிதங்கள் அழிந்துவிடும். ஊரடங்குச் சட்டம், மின்வெட்டு, வேளாண்மை வெட்டு என்று ஒரு மாதம் கடைப்பக்கம் போகாமல் இருந்தவருக்கு அந்த முப்பது நாள் எவ்வளவு குறுகியது என்பது கலிபோர்னியாவில் யாருக்கும் தோன்றியிராது.

நேரக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 33.6 கிலோபிட் மோடம் ஒன்று முழு மூச்சில் ஓடினாலும் நொடிக்கு 4 கிலோபைட்தான் இறக்கும். விளம்பரத்தோடு சேர்த்து ஒரு பக்கம் 60 கிலோபைட் என்றால் பதினைந்து நொடி. கடிதப் பட்டியல் ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம், அழித்தால் ஒரு பக்கம், திரும்பினால் ஒரு பக்கம். பத்துக் கடிதத்தை வாசித்து முடிக்க ஐந்து நிமிடம் வெள்ளைத் திரையைப் பார்த்திருக்க வேண்டும். ஒரே இணைப்பை நான்கு கணினிக்குப் பிரித்துக் கொடுத்த கடையில் அது இருபது நிமிடமாகவும் ஆகலாம். கடையின் மீட்டரோ நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

எழுத்தின் பாடு இன்னொன்று. இலங்கைத் தமிழ் அச்சகங்களெல்லாம் பாமினி எழுத்துருவில் பழகியிருந்தன. அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. அதில் ‘உம்மா’ என்று தட்டி அனுப்பினால், பெறுபவரின் கணினியில் பாமினி இல்லாத பட்சத்தில் சீ, கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். உம்மாவை அப்படிக் காண விரும்பாதவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதிக் கொடுப்பவரைப் போல, கடையில் நிற்கும் தம்பி உம்மாமார் சொல்லச் சொல்லத் தட்டிக்கொடுப்பார். வந்த பதிலை வாசித்துக் காட்டுவதும் அவர்தான். அந்தக் கரையின் குடும்ப இரகசியங்களை அதிகம் அறிந்திருந்தவர்கள் இருபது வயதுகூட நிரம்பாத அந்தத் தம்பிமார் என்றால் மிகையில்லை.

வெள்ளைத் திரைக்கு மருந்து எங்கே பிறந்தது என்பது சுவையான கதை. மைக்ரோசொப்டில் எக்ஸ்சேஞ்ச் 2000 என்ற அலுவலக அஞ்சல் சேவையை ஆக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, அவுட்லுக்கை இணைய உலாவியிலும் காட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் முழுப் பக்கத்தை வரவழைத்தால் அது அவுட்லுக் போல இராது. பக்கத்தை அசையவிடாமல், பின்னாலிருந்து தேவையான தரவை மட்டும் கேட்டு வாங்கும் ஒரு சிறு கருவியை அலெக்ஸ் ஹொப்மன் எழுதினார். ஐந்தாவது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வெளிவரும் தறுவாயில் இருந்ததால், உலாவிக்குள் நேரே சேர்க்க வழியில்லை. எக்ஸ்எம்எல் தரவைப் படிக்கும் துணைநூலகத்துக்குள் அதைச் செருகி, பெயருக்கும் எக்ஸ்எம்எல் என்று ஒரு முன்னொட்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்எம்எல்லுக்கும் அதற்கும் பெரிய உறவு ஒன்றுமில்லை. 1999 மார்ச்சில் உலகெங்கும் போன அந்தக் கருவி ஐந்தாறு ஆண்டு பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஹொட்மெயிலை வைத்திருந்த அதே நிறுவனம், தன் இலவசப் பெட்டிக்கு அதைப் பூட்ட அவசரப்படவில்லை.

கவனித்தவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த இரண்டு பேர். ஈதன் டயமண்டும் இயன் லாமும் 2002இல் ஒட்போஸ்ட் என்ற அஞ்சல் சேவையைத் திறந்தார்கள். இடப்பக்கம் கோப்புறைகள், மேலே கடிதப் பட்டியல், கீழே கடிதம். இழுத்துப் போடலாம், ரைட் கிளிக் செய்யலாம். பார்த்தவர்கள் அவுட்லுக் என்றே நினைத்தார்கள். ஆண்டுக்கு 30 டொலர். விண்டோஸில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் ஓடும். 2004 ஜூலையில் யாகூ அதை விலைக்கு வாங்கியது. 

அதே 2004 ஏப்ரல் முதலாம் திகதி கூகுள் ஜிமெயிலை அறிவித்தது. ஒரு கிகாபைட் இடம் என்றதும், திகதியைப் பார்த்து, முட்டாள்தினப் பகிடி என்று பலர் நம்பவில்லை. அதை எழுதிய போல் புக்ஹைட் அவுட்லுக்கின் தோற்றத்தைத் தொடவே இல்லை. கோப்புறை இல்லை, அடையாளச் சீட்டு உண்டு. மூன்று தட்டு இல்லை, ஒரே உரையாடலாக அடுக்கிய கடிதங்கள் உண்டு. ஆனால் அழுத்தினால் உடனே திறந்தது. ஒட்போஸ்ட் மேசை மென்பொருளின் முகத்தை எடுத்துக்கொண்டது என்றால், ஜிமெயில் அதன் ஓட்டத்தை எடுத்துக்கொண்டது. 2005 பெப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரட் இந்த உத்திக்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். பெயர் கிடைத்ததும் எல்லோரும் அதைத் தேடி ஓடினார்கள்.

கரையோரத்துக்கு அந்த ஆண்டுகள் வேறு விதமாக விடிந்தன. 2004 டிசம்பர் 26 கடல் ஏறி வந்தபோது, இலங்கையில் அதிக உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் கண்ட அழிவைச் சொல்லி மாளாது. பின்னால் வந்த மாதங்களில் வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வீடுகளை வாடகைக்கு எடுத்து அலுவலகம் போட்டன. மடிக்கணினியும் ஜெனரேட்டரும் செய்மதி இணைப்பும் வந்திறங்கின. மொழிபெயர்ப்பாளராகவும் கள உத்தியோகத்தராகவும் வேலைக்குச் சேர்ந்த ஊர்ப் பட்டதாரிகள் அந்த மேசைகளில்தான் அசலான அவுட்லுக்கைக் கண்டார்கள். கட்டிட ஒப்பந்தமும் கூடாரக் கணக்கும் வந்து குவிந்த அந்த மென்பொருள், ஹொட்மெயிலில் பழகிய கைக்குப் புதிராக இருந்திருக்கும். இணைப்பு இல்லாமலே கடிதம் திறக்கிறதே!

யாகூ, ஒட்போஸ்டின் எலும்பின் மேல் கட்டிய புதிய அஞ்சலை 2005 செப்டெம்பரில் பரிசோதனைக்கு விட்டு, 2007 ஓகஸ்டில் எல்லோருக்கும் திறந்தது. மைக்ரோசொப்ட் ‘கஹுனா’ என்ற இரகசியப் பெயரில் தொடங்கிய திருத்தம் 2007 மே மாதம் விண்டோஸ் லைவ் ஹொட்மெயிலாக வந்தது. இரண்டுமே பழைய முகத்தையும் ‘கிளாசிக்’ என்ற பெயரில் விட்டுவைக்க வேண்டியதாயிற்று. புதியது கனமாக இருந்ததே காரணம். அஜாக்ஸின் பேரம் இதுதான்: முதல் தடவை ஒரு மூட்டை நிரலை இறக்கிக்கொள், பிறகு துளித்துளியாகத் தரவு போதும். சொந்தக் கணினியில் காலையில் திறந்து மாலைவரை வைத்திருப்பவருக்கு அது இலாபம். அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்காருபவருக்கு, தொடக்கத்திலேயே மூட்டைக் கூலி. ஜிமெயில் திறக்கும் கோடு ஊர்ந்துகொண்டிருக்க, கீழே சிறிய எழுத்தில் ‘அடிப்படை எச்டிஎம்எல்’ பக்கத்துக்குப் போகும் இணைப்பு ஒன்று காத்திருக்கும். சீடிஎம்ஏ என்ற கம்பியில்லாப் போனைக் கணினியில் பொருத்தி இணையம் பார்த்த காலத்தில் அந்தச் சின்ன இணைப்புத்தான் பலருக்கு வாசற்கதவு. மின்னணு இலங்கைத் திட்டத்தில் 2005 முதல் ஊர் ஊராகத் திறந்த நெனசல என்ற பொதுக் கணினி நிலையங்களிலும் இதே பாடுதான்.

சொந்த மேசை போன்ற அந்த உணர்வில் ஒரு பொறியும் இருந்தது. பழைய ஹொட்மெயில் ஒவ்வொரு அடியிலும் நீ ஓர் இணையப் பக்கத்தில் நிற்கிறாய் என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். புதிய பெட்டியோ, நிறுவிய மென்பொருளைப் போலத் தோன்றும். மென்பொருளை மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடுவதுதானே வழக்கம்? மூடிவிட்டு எழுந்து போனவரின் பெட்டி, ‘நினைவில் வை’ என்ற கட்டத்தில் குறி விழுந்திருந்தால், அடுத்து உட்காருபவருக்குத் திறந்தே கிடக்கும். பலர் ஏறி இறங்கும் கணினியில் அது சிறிய விடயமல்ல. ஒரு மேசைக்கு ஓர் ஆள் என்று எண்ணி வரைந்த வடிவம் அது. ஒரு மேசைக்கு முப்பது ஆள் வரும் கடையை அது அறியாது.

ஆக, மேசை மென்பொருளிடம் மூன்று குணங்கள் இருந்தன: தோற்றம், வேகம், இணைப்பு இல்லாமல் வாசிக்கும் வசதி. உலகம் முதல் இரண்டையும் முந்தி நகலெடுத்தது. லைன் அடிக்கடி அறுந்துபோகும் ஊருக்கு மிக வேண்டியிருந்த மூன்றாவது குணம் கடைசியாகத்தான் நினைவுக்கு வந்தது. அதிலும் ஜிமெயிலை ஒரு சென்னை நிறுவனம் முந்திக்கொண்டது. 1996இல் ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் தொடங்கிய அட்வென்ட்நெட், பின்னாளில் சோஹோ, 2008 ஒக்டோபரில் தன் அஞ்சல் சேவையை இணைப்பில்லா வாசிப்பு வசதியோடு திறந்தது. அதற்குப் பயன்பட்டது கூகுளின் கியர்ஸ் என்ற கருவியே. கருவியைச் செய்த கூகுள் அதை ஜிமெயிலில் பூட்டியது 2009 ஜனவரியில். சோஹோ இன்னொன்றும் செய்தது. கோப்புறையா அடையாளச் சீட்டா என்று சண்டை பிடிக்காமல், இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தது. சென்னைக்காரர்கள் யாருடைய பழக்கத்தையும் குறைசொல்லாமல் கடை நடத்தத் தெரிந்தவர்கள்.

2009 மார்ச்சில் ஜிமெயிலுக்குள்ளேயே ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும் வசதியும் வந்தது. அரைப்புள்ளி விழாமல் ‘உம்மா’ என்று எழுத முடிந்தது. யுனிக்கோட் பரவியதால் பெறுபவரின் கணினியில் எந்த எழுத்துரு இருக்கிறது என்ற கவலையும் போயிற்று. கிழக்கில் துப்பாக்கி ஓய்ந்து ஏறக்குறைய இரண்டாண்டு ஆகியிருந்தது. வீடுகளில் கணினி வரத் தொடங்கியிருந்தது.

ஆனால் மேசை வந்து சேருமுன்னே காலம் மேசையைத் தாண்டிவிட்டது. திறன்பேசியில் நிறுவும் அஞ்சல் செயலி கடிதங்களைத் தனக்குள் இறக்கி வைத்துக்கொள்கிறது, லைன் இல்லாதபோதும் காட்டுகிறது, எழுதியதைச் சேர்த்து வைத்து லைன் வந்ததும் அனுப்புகிறது. யூடோரா செய்ததைத்தான் செய்கிறது. அக்கரைப்பற்றுக்காரர் பலர் மேசை மென்பொருளின் முழுக் குணத்தையும் அனுபவித்தது சட்டைப் பைக்குள். அதற்குள் சவூதியிலிருந்து வரும் குரலும் முகமும் இமோவுக்கும் வாட்ஸ்அப்புக்கும் மாறிவிட்டன. மின்னஞ்சல் இப்போது வேலை விண்ணப்பத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வங்கிக்கும் உரியது.

பழைய பக்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. யாகூவின் கிளாசிக் 2013 ஜூனில் நின்றது. அதே ஆண்டு ஹொட்மெயில் பயனர்கள் அனைவரும் அவுட்லுக் டொட் கொம்முக்கு மாற்றப்பட்டார்கள். நகலுக்கு அசலின் பெயரையே வைத்து முடித்தார்கள். ஜிமெயிலின் அடிப்படை எச்டிஎம்எல் பக்கத்தை 2024இல் நிறுத்துவதாக கூகுள் 2023இலேயே அறிவித்தது.

கூகுள் 2023 டிசம்பரிலிருந்து, இரண்டாண்டு திறக்காத தனியாள் கணக்குகளை அழிக்கத் தொடங்கியிருக்கிறது. யாகூவில் பன்னிரண்டு மாதம் எட்டிப் பார்க்காவிட்டால் பெட்டி வெறுமையாகும். கடலுக்கு அப்பாலிருந்து வாப்பா எழுதிய கடிதமோ, சுனாமிக்கு மறுநாள் சொந்தக்காரர் நலம் கேட்டு அனுப்பிய நாலு வரியோ அப்படி ஒரு பெட்டியில் உங்களுக்கு இருந்தால், இந்தக் கிழமையே பாஸ்வேட்டைத் தேடி எடுத்து உள்ளே போங்கள். போனதும் முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.